திட்ட ஆள் இருக்கிற ஊர்

1

நாங்கள் பதினாறு வருஷமாகக் குடியிருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். பாரீஸுக்கு வடக்கே, ரயிலில் அரைமணி நேரத் தொலைவில் இருக்கும் பத்து மாடிக் கட்டடம். லிஃப்ட் ஒழுங்காக ஓடிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் என் இரண்டு பிள்ளைகளும் தவழ்ந்தது அந்தத் தரையில்தான், அதனால் கடிதம் வந்த அன்று கொஞ்சம் கலங்கித்தான் போனேன்.

கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. "குடிபெயர விரும்பும் மூன்று கொம்யூன்களை விருப்ப வரிசையில் எழுதவும்" என்று அதில் ஒரு கட்டம். ஃபிரான்ஸில் ஊராட்சிக்குக் கொம்யூன் என்று பெயர், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் புதுச்சேரியிலும் அதே பெயர்தான். அதைப் பார்த்ததும் இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரர் ஞானவேலுக்கு, குசும்பு வந்துவிட்டது. பேனாவை எடுத்து, ஒன்று வில்லியனூர், இரண்டு பாகூர், மூன்று மண்ணாடிப்பட்டு என்று பிரெஞ்சு எழுத்தில் அழகாக எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டார். புதுப் படிவம் வாங்க அலுவலகத்துக்குப் போனவள் நான். அங்கிருந்த பெண் இதை வாங்கிக்கொண்டு, மூன்று பெயரையும் கணினியில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள்.

"இதெல்லாம் எந்த மாவட்டத்தில் வருகிறது மேடம்? எனக்குக் காட்ட மாட்டேன் என்கிறதே" என்று வருத்தப்பட்டாள். பிறகு மிகவும் அக்கறையாக, "அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறதா? உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களே" என்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் ஒரு வாரம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காததிலிருந்தே தெரிந்துவிட்டது, விளையாட்டாக எழுதியது நாலு பேர் மனசிலும் போய் உட்கார்ந்துகொண்டது என்று.

2

புதுப் படிவத்தோடு அந்தப் பெண் ஒரு யோசனையும் சொல்லியிருந்தாள். நகரத்தைச் சுற்றி வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு, கிராமப்புறத்தில் சின்ன ஊர்கள் பிள்ளை குட்டிகளோடு வருபவர்களுக்கு வீடு கொடுக்கக் காத்திருக்கின்றன, ஒன்றைப் போய்ப் பாருங்களேன் என்றாள். ஒரு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனோம். இரண்டரை மணி நேரப் பயணம்.

நல்ல ஊர். அதில் குறை சொல்ல மாட்டேன். நகராட்சி உதவியாளர் வாசலிலேயே நின்று வரவேற்றார். பள்ளிக்கூடத்தில் மொத்தமே முப்பத்தொரு பிள்ளைகளாம். "உங்கள் மகன் வந்தால் ஒரு வகுப்பு மூடாமல் தப்பிக்கும்" என்றார். எட்டு வயசு கவினுக்கு ஒரே பெருமை. தன்னால் ஒரு பள்ளிக்கூடமே பிழைக்கப் போகிறது என்று மாடுகளைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே வந்தான். பெரியவள் யாழினிக்குப் பதின்மூன்று. அவள் வகுப்புக்கு அடுத்த ஊருக்குப் பேருந்தில் போக வேண்டும், ஐம்பது நிமிஷம். தெருவில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு நாய்கூட இல்லை. எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது.

திரும்பி வரும்போது இவர் காரை ஓட்டிக்கொண்டே சொன்னார். வில்லியனூர் பக்கத்துத் திருபுவனைத் தொழிற்பேட்டையில் இவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் தொழிற்சாலை கேன்டீன் எடுத்து நடத்துகிறார், சமையலறையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று. மூன்று மாதமாக! இங்கே ஆஸ்பத்திரிச் சமையலறையில் உப்பில்லாத காரட்டை வேகவைத்து வேகவைத்து அலுத்துப் போன மனிதர் அதை எனக்குச் சொல்லாமலே மனசுக்குள் வைத்திருந்திருக்கிறார்.

"அப்படின்னா இந்த லீவுல போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றேன்.

பின்னாலிருந்து யாழினி பிரெஞ்சில் சொன்னாள். "எந்த ஊர் என்று நான்தான் முடிவு செய்வேன். பிடிக்கவில்லை என்றால் நீங்கள் மூன்று பேரும் போங்கள். நான் லியோனில் அத்தையோடு இருந்து படித்துக்கொள்கிறேன்."

இவருடைய தங்கை லியோனில் இருக்கிறாள். நல்லவள், பிள்ளையை நன்றாகத்தான் பார்த்துக்கொள்வாள். யாழினி இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவளோ கணக்குப் பாடத்துக்கு விடை சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். அம்மாவை வில்லியனூரில் விட்டுவிட்டு விமானம் ஏறியவள் நான். அம்மாவின் கடைசி நாட்களில்கூடப் பக்கத்தில் இல்லை. இப்போது மகளையும் ஒரு தேசத்தில் விட்டுவிட்டுப் போவதா? அதைவிட இடிகிற கட்டடத்திலேயே இருந்துவிடலாம்.

3

நான் வேலை பார்ப்பது குழந்தைகள் காப்பகத்தில். காலை ஏழரைக்கு அம்மாக்கள் கொண்டுவந்து விடுவார்கள், மாலை ஆறரைக்கு அழைத்துப் போவார்கள். இடைப்பட்ட நேரத்தில் பதினான்கு வாண்டுகளுக்கு மூக்குத் துடைத்து, சோறூட்டி, தூங்கவைப்பது என் பாடு. அவசரத்தில் எனக்குப் பிரெஞ்சு வராது, தமிழ்தான் வரும். "வாடா கண்ணு", "வேணாம், வேணாம்", "எறங்கு கீழ" எல்லாம் அந்தக் குழந்தைகளுக்கு அத்துப்படி. ஒரு நாள் ஒரு தாய் வந்து, "என் மகன் சாப்பாட்டு மேசையில் 'வேணாம்' என்று ஒரு சொல் சொல்கிறானே, அது என்ன?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என் வீட்டில் நிலைமை வேறு. யாழினிக்குத் தமிழ் புரியும், பேசுவாள், ஆனால் நாம் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோரைக் கூப்பிட்டால், போகும் வழியிலேயே, "அம்மா, நீங்க பேசாதீங்க, நான் பேசிக்கறேன்" என்பாள். அதை மட்டும் தமிழில் சொல்வாள். என் இலக்கணப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள அவளுக்கு வயசு போதவில்லை. கவின் பரவாயில்லை. அவனுக்கு எந்த மொழியிலும் பிஸ்கட் கேட்கத் தெரியும்.

4

ஜூலையில் போய் இறங்கினோம். முதலில் வில்லியனூர், என் அண்ணன் வீடு. தேரடிப் பக்கம் அண்ணன் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அப்பா காலத்துக் கடை. என் மனசுக்குள் முடிவே செய்து வைத்திருந்தேன், வில்லியனூர்தான் என்று. திருபுவனை பக்கம். ரயில் இருக்கிறது, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, அண்ணன் இருக்கிறார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நாங்கள் செய்த முட்டாள்தனம் அங்கேதான். ஊர் தேடப் போகிறவர்கள், எப்போதும் லீவுக்குப் போகிற மாதிரியே போனோம். நாலு பெரிய பெட்டி. சாக்லேட், சென்ட், கைப்பை, அண்ணன் கேட்ட மின்சார ஷேவர். பெட்டியைத் திறந்து கொடுத்து முடித்த நிமிஷத்திலிருந்து நாங்கள் விருந்தாளிகள். காலையில் இட்லியோடு கறிக்குழம்பு, மத்தியானம் வஞ்சிரம், ராத்திரிக்கு நண்டு. சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு, கடைப்பையன் மாமியார் வீடு என்று தினம் ஒரு விருந்து. கவின் ராஜாவாக வலம் வந்தான்.

யாழினி ஒரு நாள் தானே போய்ப் பால் வாங்கி வருகிறேன் என்றாள். அண்ணன் பதறிப்போய்க் கடையிலிருந்து ஒரு ஆளை பைக்கில் அனுப்பினார். சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனாள். அண்ணி அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"அத்தை எப்பம்மா என்னைப் பாத்திரம் தேய்க்கச் சொல்லுவாங்க? நாம இங்கயே வந்துட்டா சொல்லுவாங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

அண்ணியிடம் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். "நல்லா இருக்குது போ" என்றார் அண்ணி. "அந்தக் கொயந்தைய நான் தேய்க்கச் சொல்லுவனா? எத்தினி வருஷம் ஆனாலும் அது நம்ம ஃபிரான்ஸ் கொயந்ததான்."

அன்பாகத்தான் சொன்னார். அண்ணியின் அன்பில் ஒரு சொட்டும் கலப்படம் கிடையாது. யாழினியின் முகம் மட்டும் சின்னதாகிப் போனது.

பள்ளிக்கூடம் விசாரிக்கப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். ஃபிரான்ஸில் பிள்ளை பள்ளி மாறினால் டி.சி. என்று ஒன்று கிடையாது, பெயரை எடுத்துவிட்டோம் என்று ஒரு தாள் தருவார்கள். வில்லியனூர்ப் பள்ளி அலுவலகத்தில் இருந்தவர் டி.சி. உண்டா என்று கேட்டதற்கு, "பேர நீக்கிட்டோம்னு சர்டிபிகேட் தருவாங்க சார்" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யாழினியை மேலும் கீழும் பார்த்து, "இன்னா பண்ணிச்சு பொண்ணு?" என்றார். விளக்கி முடிக்க அரைமணி நேரம் ஆனது. அதன்பிறகு, "தமிழா? அதெல்லாம் ஒரு பிரச்சினையும் இல்ல மேடம், தானா வந்துரும்" என்று வழியனுப்பினார். எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருந்த யாழினிக்கு, அவர் பொய் சொல்கிறார் என்று நன்றாகத் தெரிந்தது.

5

பாகூருக்கு நாங்கள் போனது ஊர் பார்க்க அல்ல. அங்கே எங்களுக்கு யாரும் கிடையாது. நான் வில்லியனூர், இவர் அரியாங்குப்பம். பாரீஸில் இவரோடு வேலை பார்ப்பவர் ஒருவருக்கு அங்கே ஒரு வீடு, நாலு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. திறந்து பெருக்கி, மழைக்கு ஒழுகுகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லிச் சாவியைக் கொடுத்திருந்தார். விருந்திலிருந்து தப்பிக்க இதுதான் சாக்கு என்று ஆகஸ்டில் ஒரு வாரத்துக்குக் கிளம்பிவிட்டோம்.

முதல் இரண்டு நாள் ஒட்டடை அடித்தோம். மூன்றாம் நாள் காலை, ஸ்டோர் ரூமில் கிடந்த சைக்கிளைத் துடைத்து யாழினி வெளியே எடுத்துப் போனாள். சொர்ணவாரிப் போகத்து நெல் அறுப்பு முடிந்த நேரம். சாலையில் பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். இது நம் ஊர்ப் பிள்ளைக்குத் தெரியும், சுற்றிக்கொண்டு போகும். யாழினி நேராக நெல் மேலேயே ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"ஏய் பொண்ணே! நில்லு! கண்ண எங்க வச்சிக்கினு வர்ற? நெல்லு காயறது தெரில?"

எதிர்வீட்டு அம்மாள். பெயர் தனம் என்று பிறகு தெரிந்தது. என் வயசுதான் இருக்கும். கையில் நெல் தள்ளும் பலகை. நான் வாசலுக்கு ஓடி வந்தபோது யாழினி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றிருந்தாள்.

"யாரு வூட்டுப் பொண்ணு நீ?"

"அந்த வீடு. பூட்டி இருந்துச்சு. நாங்க தொறந்தோம்" என்றாள் யாழினி, அவளுடைய அரைகுறைத் தமிழில்.

"எந்த வூடா இருந்தா இன்னா? எறங்கு. செருப்பக் கயட்டு. செதறனதெல்லாம் கூட்டி வை."

இவர் உள்ளே ஓடினார். என்ன எடுத்துவரப் போகிறார் என்று பார்த்தால், மிச்சமிருந்த சாக்லேட் டப்பா! அதை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்கம்மா, ஃபிரான்ஸ்லேர்ந்து வந்திருக்கோம், பொண்ணுக்குத் தெரியாது" என்று போய் நின்றார். எனக்கு அங்கேயே பூமிக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

"அத எட்த்துக்கினு போ சார்" என்றார் தனம். "கொயந்த தள்ளி வுட்டுது, கொயந்த சரி பண்ணட்டும். உனுக்கு இன்னா நடுவுல?"

யாழினி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, சிதறிய நெல்லைக் கையால் கூட்டினாள். கையால் கூட்டினால் எப்போது முடியும் என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது. துடைப்பம் வந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து நெல்லில் வரிவரியாகக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். தனம் பின்னாலிருந்து, "நேராப் போடி, பாம்பு மாதிரி போற" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. தெருவே இறங்கி ஓடியது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "நின்னுக்கினே இருக்கியே யம்மா, சாக்கப் புடி!" என்று ஒரு சத்தம். பிடித்தேன். இவர் அள்ளிக் கொட்டினார். கவின் தார்ப்பாயின் ஒரு முனை மேல் ஏறி உட்கார்ந்து எடைக்கல் ஆனான். கடைசி மூட்டை உள்ளே போவதற்குள் நனைந்துவிட்டோம். யாழினிக்கு நெல்லுச் சுணை பட்டுக் கையும் காலும் தடித்துப் போயிருந்தது. தனம் தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்து, தேய்த்துக்கொள் என்றார். தேய்த்துவிடவில்லை. அதுவும் அவளுக்குப் பிடித்திருந்தது என்று பிறகு சொன்னாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் குரல். "யாழினி! கௌறி வுட வரியா இல்லியா?" பதினொரு மணி வரை தூங்குகிற என் மகள் எழுந்து ஓடினாள்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் போய் விசாரித்தோம். தலைமையாசிரியை யாழினியை ஒரு பத்தி படிக்கச் சொன்னார். அவள் திக்கித் திணறிப் படித்து முடித்தாள். "தமிழ் ரொம்பக் கஷ்டமா இருக்கும்" என்றார் ஆசிரியை அவளிடமே. "மொத வருஷம் அழுவ. அடுத்த வருஷம் சரியாப் போயிடும். பாத்துக்கோ." வெளியே வந்ததும் யாழினி, "இவங்க உண்மை சொல்றாங்க" என்றாள்.

கிளம்புகிற அன்று அவளாகவே தீர்ப்புச் சொன்னாள். "இந்தியா என்றால் இந்த ஊர்தான். ஆனால் நான் வருவேன் என்று இன்னும் சொல்லவில்லை."

6

பாரீஸ் திரும்பியதும் அண்ணனுக்குத் தொலைபேசியில் பாகூர் என்று சொன்னபோது, "பாகூர்ல யாரும்மா இருக்கா நமக்கு?" என்று கேட்டார். அவர் குரல் கம்மியது எனக்குத் தாங்கவில்லை. யாரும் இல்லாததுதான் காரணம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பாகூரிலிருந்து திருபுவனைக்கு பைக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இங்கே மட்டும் என்ன வாழ்கிறது, தினமும் ரயில் மாறி மாறி ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டுதானே போகிறேன் என்கிறார் இவர். வில்லியனூரை நினைத்தால் எனக்கு இன்னும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

ஆனால் யாழினி வாயைத் திறக்கவில்லை. செப்டம்பரில் பள்ளி திறந்து, அவள் தன் சிநேகிதிகளோடு கலந்துவிட்டாள். லியோன் அத்தையோடும் வாராவாரம் பேசினாள். நான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். அவள் அறையைக் கடந்து போகும்போதெல்லாம், இந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் என் உடம்பு அங்கே என்ன செய்யும் என்று நினைத்துக்கொள்வேன்.

போன சனிக்கிழமை காலை சமையலறையில் சாம்பாருக்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் யாழினியின் போனில் வீடியோ அழைப்பு வந்தது. தனம். இரண்டு பேரும் அடிக்கடி பேசிக்கொள்வார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. வாடகைக்கு இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறாராம்.

"ஒண்ணு மாடி வூடு, நல்லாக் காத்து வரும். இன்னொண்ணு கீய, தெருவோரம். ரெண்டு பக்கமும் சனம், ஒரே சத்தம். எத்தினி பேருடி வருவீங்க?"

"நாலு பேர், ஆன்ட்டி."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"மாடி வேணாம். அப்பாவுக்கு முட்டி வலி. கீழ் வீடு சொல்லுங்க" என்றாள் யாழினி தமிழில்.

"நீ படிக்கணுமேடி, சத்தமா இருக்குமே?"

"இருக்கட்டும் ஆன்ட்டி. எங்கம்மா தனியா இருந்தா அழுவாங்க. பக்கத்துல ஆள் இருக்கணும்."

நான் எப்போது அழுதேன், இவள் எப்போது பார்த்தாள்? குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுத்தானே அழுவேன். அம்மா போனதிலிருந்து இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் தேடிய அந்த இரண்டு மாதமும் நாங்கள் பிள்ளைகளுக்கு எது தோதுப்படும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இவள் எனக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கூடத்துக்குப் போனேன். "அழறதையெல்லாமாடி ஊருக்குச் சொல்லுவ?" என்றேன்.

யாழினி போனை என் பக்கம் திருப்பினாள். திரையில் தனம் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"இதுல இன்னா வெக்கம் யம்மா? அய்வறதுக்கு அங்க எதுக்குக் கெடக்கற? இங்க வந்து அய்வு, யாரு வேணாங்கறா. மொதல்ல வூட்டுக்கு இன்னா பதில் சொல்ல, அதச் சொல்லு. வூட்டு ஓனரு நின்னுக்கினு இருக்காரு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீழ் வீட்டையே பேசி முடிக்கச் சொன்னேன்.